கூலியைக் குறைத்தால் சட்டம் என்ன செய்யும்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடப்படுகிறது.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் திருப்பிச் செலுத்துவது இதைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பேசப் போகிறோம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். களை எடுக்கப் போகிறோம், நாற்று நடப் போகிறோம், பீடி சுற்றுகிறோம், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறோம், செங்கல் சூளையில் கல் அறுக்கிறோம், மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் பெண் பிள்ளைகளை அனுப்புகிறோம். கூலி குறைந்தால் சேமிப்பு குறையும், தவணை தவறும்.

நம்ம குழுவில் ரொக்கப் புத்தகத்தில் இரண்டு ரூபாய் இடித்தால்கூட அன்றைக்குக் கூட்டம் முடியாது. கணக்கு நேராகிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டோம். ஆனால் வேலை செய்த இடத்தில் தினமும் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் "அவங்க கொடுக்கிறதுதான் கூலி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். முதலாளி கொடுக்கிறதுதான் கூலி என்று சட்டம் சொல்லவில்லை. எவ்வளவுக்குக் குறையக் கூடாது, குறைத்தால் என்ன நடக்கும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எந்தச் சட்டம்?

நாடு சுதந்திரம் அடைந்த மறு ஆண்டே, 1948-ல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இருந்தது. 1976-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் வந்தது. இந்த மூன்றையும், போனஸ் சட்டத்தையும் சேர்த்து ஒரே சட்டமாக 2019-ல் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு ஊதியச் சட்டத் தொகுப்பு என்று பெயர். அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே பழைய சட்டப் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் பேசினால், இப்போது புதுச் சட்டம் என்று சொல்லுங்கள்.

இந்தச் சட்டங்கள் தானாக வானத்தில் இருந்து விழவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய காலத்தில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும்தான். அதற்குப் பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இங்கே வந்தது. கூலிச் சட்டத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட விலை இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது சரியல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கிறது. நம் மாநிலத்தில் அடிப்படைக் கூலியோடு அகவிலைப்படியும் சேர்ந்ததுதான் மொத்தக் கூலி. விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். போன வருஷத்துக் கணக்கை இந்த வருஷமும் காட்டினால் ஏமாறக் கூடாது.

இரண்டாவது, ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று கொடுக்கக் கூடாது. வேலைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது.

மூன்றாவது, தினக்கூலி என்றால் அன்றைக்கு வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வாரக்கூலி என்றால் அந்த வாரத்தின் கடைசி வேலை நாளில். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றாலும், நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

நான்காவது, சம்பளக் காலம் என்பது ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பிள்ளைகளை அழைத்துப் போன காலம் நினைவிருக்கும். மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் தருகிறேன் என்பதைச் சட்டம் ஏற்காது.

ஐந்தாவது, வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி.

ஆறாவது, பிடித்தம். சட்டத்தில் சொன்ன காரணங்களுக்கு மட்டும்தான் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அபராதம் என்று போட்டால் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கூடாது. அதையும் நம்மிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் போட வேண்டும். "பீஸ் சரியில்லை", "கழிவு" என்று சொல்லி வாய்க்கு வந்தபடி பிடிக்க முடியாது.

குறைத்தால் முதலாளிக்கு என்ன ஆகும்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறோம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தண்டனை, இன்னொன்று நம் பணம். இரண்டும் வேறு வேறு.

முதலில் தண்டனை. சட்டப்படி வரவேண்டிய கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருஷத்துக்குள் மறுபடியும் அதே தவறைச் செய்து மாட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்பளப் பதிவேடு வைக்காவிட்டால், சரியாக எழுதாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். கம்பெனி என்றால் அதை நடத்துகிற பொறுப்பில் இருப்பவரே குற்றவாளி ஆவார். "அது கம்பெனி, நான் வெறும் மேனேஜர்" என்று தப்ப முடியாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய 1948 சட்டத்தில் முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை என்று இருந்தது. ஆனால் அபராதம் 500 ரூபாய்தான். இப்போது அபராதம் கூடியிருக்கிறது. முதல் தடவைக்குச் சிறை கிடையாது. அபராதம் மட்டும் உள்ள குற்றத்தை, உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டி முதலாளி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதனால் "போலீஸ் வரும், கையில் விலங்கு போடும்" என்று எதிர்பார்த்து யாரும் போகாதீர்கள்.

அந்த அபராதப் பணம் அரசுக்குப் போகும். நமக்கு வராது. நமக்கு வேண்டியது இரண்டாவது வழி. அதுதான் கோரிக்கை மனு.

குறைத்துக் கொடுத்த பணத்தைக் கேட்டு, அதற்கென அரசு நியமித்த அதிகாரியிடம் மனு போடலாம். விசாரித்து உண்மை என்று கண்டால், குறைத்த பணத்தைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுவார். அதோடு அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்துக் கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு. எல்லோருக்கும் பத்து மடங்கு கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் சொல்லும் எண்தான். ஒரு வேலைக்கு அரசு சொன்ன கூலி நாளுக்கு 400 ரூபாய். நமக்குக் கொடுத்தது 320. ஒரு நாளைக்கு 80 ரூபாய் குறைவு. மாதம் 25 நாள் வேலை என்றால் 2,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு 24,000 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 72,000 ரூபாய். பத்து பேர் அந்த இடத்தில் வேலை பார்த்தால் ஏழு லட்சத்து இருபதாயிரம். நம் குழு வங்கியில் ஒரு கடன் வாங்க எத்தனை தடவை நடக்கிறோம்? அந்தக் கடனைவிடப் பெரிய தொகை நம் கையில் இருந்தே போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று வருஷம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புதுச் சட்டத்தில் மூன்று வருஷத்துக்குள் மனு போடலாம். பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது. இது நமக்குக் கிடைத்த நல்ல மாற்றம்.

இன்னொரு நல்ல விஷயம். கூலி கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார் என்று நாம் மனு போட்டால், "நான் முழுசாகக் கொடுத்தேன்" என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஆனால் நாம் அங்கே வேலை செய்தோம் என்பதை நாம் காட்ட வேண்டியிருக்கும்.

உத்தரவு போட்டும் கொடுக்கவில்லை என்றால்? அதிகாரி கலெக்டருக்குச் சான்று அனுப்புவார். நிலவரி பாக்கியை வசூலிப்பது போல ஜப்தி செய்து வசூலிக்கலாம்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"தொழில் நஷ்டத்தில் ஓடுது, கட்டுப்படியாகாது" என்பார்கள். குறைந்தபட்சக் கூலிக்கு முதலாளியின் வசதி ஒரு கணக்கே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே ஒரு கேரள வழக்கில் சொல்லிவிட்டது. 1987-ல் ஒரு பெண் சுருக்கெழுத்தாளர் போட்ட வழக்கில், அதே வேலை செய்த ஆண்களுக்கு இணையான சம்பளம் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அங்கேயும் கம்பெனியின் பண நிலைமையைக் காரணம் காட்டினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை.

"நீதானே ஒத்துக்கிட்டு வந்தே" என்பார்கள். குறைந்த கூலிக்கு நாம் சம்மதித்தாலும், கைநாட்டு வைத்தாலும், அந்த ஒப்பந்தம் செல்லாது. சட்டம் கொடுத்த உரிமையை நாமே எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

"எனக்குத் தெரியாது, மேஸ்திரியைக் கேள்" என்பார்கள். இது பழைய தந்திரம். டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை நடந்தபோது தொழிலாளிக்கு நாளுக்கு 9 ரூபாய் 25 காசு கூலி. மேஸ்திரிகள் ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கைக்கு வந்தது என்பது புகார். அந்த வழக்கில் நீதிபதி பகவதி சொன்ன தீர்ப்பு மிக முக்கியமானது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்றார். பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்த கூலிக்கு வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இப்போதைய சட்டத்திலும் ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் அந்த இடத்தின் உரிமையாளர் கொடுக்க வேண்டும்.

"அட்வான்ஸ் வாங்கியிருக்கே, கழிஞ்ச பிறகு பேசு" என்பார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை வேலைக்குப் போகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். முன்பணத்தைக் காட்டி வேறு இடத்துக்குப் போக விடாமல் தடுத்து, குறைந்த கூலிக்கு வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அந்தக் கடனும் ரத்தாகிவிடும். இதற்கு வருவாய்க் கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ உடனே சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று, நம் தொழிலுக்கு இன்றைய கூலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்கலாம். தொழிலாளர் துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். பிளஸ் டூ படித்த பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள், போனிலேயே எடுத்துத் தருவார்கள்.

இரண்டு, எழுதி வைக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்கு வந்தோம், பீஸ் வேலை என்றால் எத்தனை, கைக்கு வந்த பணம் எவ்வளவு, மேஸ்திரி யார், உரிமையாளர் யார். சம்பளச் சீட்டு கொடுத்தால் பத்திரமாக வையுங்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள். அஞ்சு பேருக்கு மேல் வைக்காத சிறு விவசாயி பதிவேடு வைக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டால் அவரும் கூலி கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

மூன்று, தனியாகப் போகாதீர்கள். ஒரே இடத்தில் வேலை செய்கிற எத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே மனு போடலாம் என்று சட்டமே சொல்கிறது. தொழிலாளியே போடலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கம் போடலாம், ஆய்வாளர் போடலாம். நம் குழுவோ கூட்டமைப்போ தொழிற்சங்கம் அல்ல. அதனால் கூட்டமைப்பின் பெயரில் மனு போட முடியாது. ஆனால் மனு எழுத உதவலாம், கூடப் போகலாம், பஸ் செலவு பார்க்கலாம்.

நான்கு, மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு, தொழிலாளர் துறைக்குத்தான் அனுப்பப்படும். அதனால் தொழிலாளர் அலுவலகத்திலும் நேரே ஒன்று கொடுத்துவிடுங்கள். மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க அதிகாரி முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உத்தரவு நமக்குப் பாதகமாக வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஐந்து, வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வேலை போய்விடுமே?

பின்வரிசையில் ஒரு அக்கா இதைத்தான் கேட்டார்கள். நியாயமான பயம். கேட்டவளை மறுநாள் "நீ வராதே" என்று சொல்வது நடக்கத்தான் செய்கிறது. சட்டம் பணத்தை வாங்கித் தரும். அடுத்த வாரத்து அடுப்புக்கு அது வழி சொல்லாது. அந்த இடத்தில்தான் குழு வேண்டும். ஒருத்தி கேட்டால் அவளை நிறுத்துவார்கள். இருபது பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் இருபது பேரையும் நிறுத்திவிட்டு நடவு நட முடியாது. நிறுத்தப்பட்டவளுக்கு உள்கடனில் முதல் உரிமை கொடுக்கவும், அந்த இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வைக்கவும் குழுவால் முடியும். மருத்துவச் செலவுக்குச் செய்கிறோம். இதற்கும் செய்யலாம்.

நாமும் கூலி கொடுக்கிறோம்

கடைசியாக ஒன்று. சொன்னால் சிலருக்குக் கசக்கும். நம் குழுக்கள் சிலவற்றில் தையல் யூனிட், மசாலா யூனிட், சமையல் ஆர்டர் எல்லாம் நடத்துகிறோம். லாபத்தில் பங்கு வாங்கும் உறுப்பினர்களை விடுங்கள். ஆர்டர் அதிகமான நாளில் வெளியில் இருந்து நாலு பெண்களைக் கூலிக்குக் கூப்பிடுகிறோமே, அவர்களுக்கு நாம் முதலாளி. நம் உறுப்பினர்களிலேயே சிலர் பீடிக்கும் தையலுக்கும் ஏஜெண்டாக இருந்து வீடு வீடாக வேலை கொடுக்கிறார்கள். இதே சட்டம், இதே அபராதம் நமக்கும் உண்டு. நம் கணக்கை நேராக வைத்துக்கொண்டு போனால்தான் அடுத்தவரைக் கேட்க வாய் வரும்.

ஆகவே இன்றைக்கு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஏற்றுக்கொண்டால் அவரவர் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒன்று, அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்கள் செய்யும் வேலைகளுக்கு உரிய அரசுக் கூலியைக் கேட்டு வாங்கிக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுவது. இரண்டு, கூலிக்குப் போகும் ஒவ்வொரு உறுப்பினரும் இன்றிலிருந்து கூலி நோட்டு எழுதுவது; எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவது. மூன்று, நம் யூனிட்களில் கொடுக்கும் கூலியை முதலில் சரிபார்த்து, குறைந்திருந்தால் அடுத்த ஆர்டரில் இருந்தே உயர்த்துவது.

மூன்று மாதம் கழித்து நாம் மறுபடி கூடும்போது சேமிப்புப் புத்தகத்தோடு கூலி நோட்டையும் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் பார்ப்போம். எங்கே எவ்வளவு குறைகிறது என்று தெரிந்த பிறகு, எந்த மனுவை முதலில் போடுவது என்று முடிவு செய்வோம்.